கடல் முன்னால் வந்த படம்

பேத்தி என் கண்களில் கறுப்புப் பெட்டி போன்ற ஒன்றை மாட்டிவிட்டாள். அதற்குள் தெரிந்த படத்திலிருந்து திமிங்கிலம் ஒன்று நேரே என் மூக்குக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் இல்லை, பழக்கத்தில்.

கல்லூரி முடித்த கையோடு ராயபுரத்தில் ஒரு போட்டோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வட்ட அட்டையின் ஓரத்தில் நகத்தளவு பிலிம் துண்டுகளை இடுக்கியால் செருகி ஒட்ட வேண்டும். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு எதிர்ப்புறத்தில் ஒன்று. கண்ணில் வைத்துப் பார்க்கும் கருவியில் அட்டையைப் போட்டால் படத்தில் இருக்கிற ஆள் நம் முன்னால் எழுந்து நிற்பார். பெருமூச்சுக்கே துண்டுகள் பறக்கும் என்பதால் மின்விசிறிக்கும் தும்மலுக்கும் சிரிப்புக்கும் அங்கே தடை. எதிரே உட்கார்ந்து ஒட்டிய காசிமுக்கோ என்னைச் சிரிக்க வைப்பதுதான் முழுநேர வேலை.

ஒருநாள் கடைக்கு வந்த எல்லப்பன் கப்பலில் சமையல்காரர். வெளிநாட்டில் வாங்கிய இரட்டைக்கண் கேமராவில், மனைவியையும் கைக்குழந்தையையும் நம் கடற்கரையில் நிற்க வைத்து எடுத்த பிலிமை ஒட்டக் கொடுத்திருந்தார். அன்று மாலை கப்பல். "சீக்கிரம் குடு நைனா. ஒரு வருசம் இத்தான் எனுக்கு வூடு" என்று வாசலிலேயே நின்றார்.

கடைசி ஜோடி என் இடுக்கியில். காசிம் முதலாளியின் குரலில் மெல்லச் சொன்னான்: "தம்பி, பி.ஏ. படிச்சவன் இப்டியா மூச்சு வுடுவான்?"

வெடித்துவிட்டேன். துண்டுகள் பறந்தன. மேசைக்கடியில் மண்டையோடு மண்டை மோதி, கண்ணில் நீர் வரச் சிரித்துத் தேடி எடுத்தோம். எது இடது, எது வலது? இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒட்டிவிட்டுப் பார்த்தேன். மாறிப்போயிருந்தது. பின்னாலிருந்த கடல் முன்னே வந்து, தாயும் பிள்ளையும் அலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அதற்கும் சிரித்தோம்.

"பிரிச்சு மாத்து மாமு" என்றான் காசிம்.

"யாருக்குத் தெரியப்போகுது" என்று எடுத்துக் கொடுத்தேன்.

மறு வருடம் கடற்கரையில் எல்லப்பனைப் பார்த்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாராம். காய்த்துப்போன தோளில் குழந்தை உட்கார்ந்து அவர் முடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"கப்பல வுட்டுட்டேன் நைனா. கடைசிப் படத்துல, எப்ப பாத்தாலும் அலை இவங்கள மூடிகினு கீது. தூக்கமே இல்ல. ஒரே பேஜாரு. வந்துட்டேன்."

சொல்லியிருக்க வேண்டும். குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தேன்.

இன்று கடையும் இல்லை, காசிமும் இல்லை. போன மாதம் பேத்தி அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். அந்தத் தாயும் பிள்ளையும் நின்ற மணலையே காணோம். கொட்டி வைத்த கருங்கற்கள் வரை கடல் வந்திருக்கிறது, நான் ஒட்டிக் கொடுத்தபடியே.