உயிருக்கு முப்பத்து நான்கு மதிப்பெண்

"அந்தத் திரையையும் அவிழ்த்துடுப்பா. கயிறுகூடத் தெரியக் கூடாது."

பத்மநாபன் அறை வாசலிலேயே நின்று சொன்னார். உள்ளே போனால் சட்டையில் வாடை ஒட்டிக்கொள்ளும். தோஹா தொழில்பேட்டையில் தொழிலாளர்கள் தங்கும் ஒரு பழைய கேம்ப் அது. கட்டில்களைச் சுற்றி லுங்கியும் போர்வையும் கட்டி ஆளுக்கொரு மறைவு செய்திருந்தார்கள். நடைவழித் திருப்பத்தில் சரக்குப் பலகைகளால் ஒரு பெஞ்சு, மேலே தார்ப்பாய். ஜன்னலில் பால் டப்பாக்களில் புதினா.

பத்மநாபன் கட்டடக் கலைஞர். வளைகுடாவுக்கு வந்த நாள் முதல் ஒரே பெட்டியை வரைந்துகொண்டிருப்பவர். சில வருடம் பெட்டியைத் திருப்பி வைத்து வரைவார். எதிரே கட்டி முடித்திருந்த புதிய தொழிலாளர் விடுதியும் அவருடைய பெட்டிதான்.

அவருடைய கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. கட்டடத்தின் படங்களைக் கொடுத்தால் அதில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். பெரிய உறுப்புகள் சில, நடுத்தரம் கொஞ்சம், சிறியவை ஏராளம், எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நின்றால் மதிப்பெண் ஏறும். மரம் அப்படித்தான் இருக்கிறதாம்.

புதிய விடுதிக்கு முப்பத்து நான்கு. இடிக்கப்போகும் கேம்புக்கு எழுபத்தொன்று. புதியது பழையதை மிஞ்சாவிட்டால் அவருடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மேலாளர் பத்மநாபனிடம் சொல்லிவிட்டார்.

வேறொருவர் தன் விடுதியைப் போய்ப் பார்த்திருப்பார். ஒரு ஜன்னலையாவது மாற்றியிருப்பார். இவர் கேம்பைச் சுத்தம் செய்யச் சொன்னார். படம் எடுப்பதற்கு முன் சுத்தம் செய்வது இங்கே வழக்கம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

டூட்டி முடிந்து வந்த அருள்முருகன் கேட்டான்.

"யாரு சார் வர்றாங்க? மினிஸ்டரா?"

"யாரும் வரல. போட்டோ எடுக்கணும்."

"போன வாரம்தான எடுத்தீங்க?"

"அது சரியா வரல. யல்லா, கழட்டு."

"அப்புறமா திரும்பக் கட்டிக்கலாமா சார்?"

"பாக்கலாம்."

"சார் பாக்கலாம்னா மாஃபி, இல்லைன்னு அர்த்தம்டா," என்றார் மேல் கட்டிலில் படுத்திருந்த முகம்மது சித்தீக். "லுங்கிய அவுக்க ஒரு இன்ஜினீயரு. பெரிய படிப்புதான் சார் நீங்க."

பத்மநாபனும் சேர்ந்து சிரித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

பெஞ்சைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். தார்ப்பாயும் டப்பாக்களும் போயின. திரை இல்லாத கட்டில்களில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் வெளியே போகச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார்.

மறுநாள் கேம்புக்கு இருபத்தொன்பது வந்தது. அதையும் விடுதியின் முப்பத்து நான்கையும் அறிக்கையில் அருகருகே போட்டார். மேலாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். பத்மநாபன் வீட்டுக்குப் போன் செய்தார். "அப்போ சோபாவை மாத்திடலாம்," என்றாள் மனைவி ஜெயலட்சுமி. மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார். மகள் அனன்யாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார். இடிக்கும் வரை அறைகள் படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று கேம்பில் அறிவிப்பு ஒட்டினார்கள்.