பழைய தலைநகரில் நாலு அங்குலம்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். கடும் வெயில், இருபத்தொன்பது பாகை, காற்று இல்லை. நல்லூர் சங்கிலியன் தோப்பு வளைவின் முன்னால் என்னை இறக்கிய குருநகர் ஓட்டோக்காரர், "சேர், போட்டோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தம்பி, நான் இஞ்சத்தை நெல்லியடியான்" என்றேன். "அப்ப ஏன் ஐயா முகத்துக்கு வெள்ளை பூசியிருக்கிறியள்?" என்றார். வெயிலுக்குப் பூசும் களிம்பு அது.

முப்பத்தேழு ஆண்டுகளாக நான் இருப்பது கொப்பன்ஹேகனில். பக்கத்து வீட்டு நீல்ஸ் மூன்று ஞாயிறுகள் என்னைத் தன் தலைநகரின் பழைய தெருக்களில் இழுத்துத் திரிந்தார். ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஆண்டு, உயரம், அகலம் சொன்னார். பொறுக்கமாட்டாமல், யாழ்ப்பாண அரசர் காலத்தில் எங்களுக்கும் நல்லூர் என்றொரு தலைநகர் இருந்தது என்றேன். "ஸ்லொட் எத்தனை மீற்றர்?" என்றார். ஸ்லொட் என்றால் அரண்மனை. மாடிப்படிகளையும் மருந்துக் குளிசைகளையும் எண்ணி வைத்திருக்கும் என்னிடம் அதற்கு மட்டும் எண் இல்லை. "பெரியது" என்றேன். அரண்மனை என்னுடையது என்று விளங்கிக்கொண்டு, வரி யார் கட்டுகிறார் என்று விசாரித்தார்.

ஆகவே இம்முறை அளவுநாடாவோடு வந்தேன். அரண்மனையின் மிச்சம் என்று சொல்லும் வளைவை அளந்தேன், மந்திரிமனையின் முகப்பை அளந்தேன். யமுனா ஏரிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் மதில் முடிந்து கதியால் வேலி தொடங்கியது. வேலித்தடிகளையும் விடவில்லை. மதில் மூலையிலிருந்து பத்துக் கதியால்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று. பதினோராவது, துளிர்க்காத பட்டுப்போன தடி, பதினாறு அடி இரண்டு அங்குலத்தில் நின்றது. நாலு அங்குலம் குறைவு. கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆனால் கண் பொறுக்கவில்லை. பிடுங்கி, சரியான இடத்தில் ஊன்றி, மண்ணை மிதித்துவிட்டேன்.

"ஐயோ, பட்டப்பகலிலை எல்லைக் கதியாலைத் தள்ளிவைக்கிறான்!"

அப்போதுதான் விளங்கியது. வேலியைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்து, முப்பத்தேழு ஆண்டில் அதை மறந்திருக்கிறேன். ஒழுங்கையோரம் இரண்டு வீட்டு வளவுகள் சந்திக்கும் எல்லை அந்தத் தடி. கத்தியவர் அந்தப் பக்கத்துப் பவளம். நாலு அங்குலம் போனால் அவருடைய சமையல் குசினிச் சுவரை இடிக்கவேண்டும். இந்தப் பக்கத்துச் செல்லத்துரை பல்விளக்கியபடியே வந்து, "ஐயா சரியாத்தான் வைச்சிருக்கிறார்" என்றார்.

"எவ்வளவு குடுத்து உந்தாளைப் பிடிச்சனியள், அண்ணை?" என்று அவரிடம் கேட்டார் பவளம்.

கொப்பியைக் காட்டினேன். தடியைப் பழைய இடத்திலேயே ஊன்றினேன். "கொப்பியிலை ஆரும் எழுதலாம்" என்றார் செல்லத்துரை. சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபை இதே தடியைப் பற்றிச் சனிக்கிழமை விசாரிக்க இருந்தது.

"அப்ப ஐயா வந்து சொல்லட்டும்" என்றார் பவளம்.

"பிள்ளை, எனக்கு வியாழக்கிழமை பிளேன்."

"கதியாலைப் பிடுங்கேக்கை பிளேன் இருக்கேல்லையோ?"

ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். "ஐயா ஏறப்போறியளோ, காணி பிரிக்கப்போறியளோ?"

சனிக்கிழமை போனேன். தலைவர் விலாசம் கேட்டார். கொப்பன்ஹேகன் என்றதும், "உவ்வளவு தூரத்து ஆளுக்கு இஞ்சத்தை நாலங்குலத்திலை என்ன?" என்றார். பின்னாலிருந்து பவளம், "என்ரை விலாசத்தையும் போடுங்கோ" என்றார். அப்படியே எழுதினார்கள்: நிரந்தரம், டென்மார்க், தற்காலிகம், நல்லூர், பவளத்தின் வீடு. கொப்பியிலிருந்த அளவை வாசித்தேன்; கதியால் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று தீர்ந்தது. குசினி தப்பியது.

வெளியே செல்லத்துரை கோபமில்லாமல் கேட்டார்: "டென்மார்க்கிலையும் இப்பிடி வேலியள் இருக்கோ?"

"எங்கடை பக்கம் இல்லை."

"அப்ப அங்கை ஆரோடை, என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறனியள்?"

ஒருவரோடும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முப்பத்தேழு ஆண்டில் அங்கே யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதும் இல்லை.

பயணத் திகதி மாற்றியது, ஓட்டோவின் காத்திருப்பு, பட்டுப்போனதற்குப் பதிலாகப் புதுக் கதியால் ஒன்று: மொத்தம் நாற்பத்தோராயிரத்து எழுநூற்றிருபது ரூபாய். எங்கள் தலைநகரில், எனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், அங்குலத்துக்குப் பத்தாயிரத்து நானூற்று முப்பது.