பின்னால் உட்கார்ந்தவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் காதை வைத்துப் பிழைக்கிறவள். அந்தக் காது கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் லீனா. பெங்களூர் பிரேசர் டவுனில் வீடு. பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். அல்சூரில் பேர்போன கச்சேரி மண்டபம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். முதலில் குதிரை லாயம், பிறகு தகரக் கொட்டகை, கடைசியில் மண்டபம். போன ஆகஸ்டில் அதற்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. மண்டபத்தின் வரலாற்றுக் கண்காட்சியில் ஒலிக்க, 1974-ல் அங்கே நடந்த ஒரு கச்சேரியின் டேப்பைக் கொடுத்தார் செயலாளர் சேஷகிரி.

"ஒரே கரண்ட் இரைச்சல் லீனா. அதை மட்டும் எடுத்துக் குடுங்க, அஷ்டே, அவ்வளவுதான்," என்றார்.

வேலை சுலபம். பாடகர் வாய் திறப்பதற்கு முந்தைய சில விநாடிகளைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, 'இதுதான் இரைச்சல்' என்று சொன்னால் போதும். அந்தச் சத்தத்தை டேப் முழுக்கத் துடைத்துவிடும். ஆனால் அந்த விநாடிகளில் தம்பூராவும் கேட்டது. விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதால் கம்ப்யூட்டருக்கு அதுவும் இரைச்சல்தான். இரண்டையும் பிரிக்க இரண்டு நாள் மெனக்கெட வேண்டும். எனக்குச் சோம்பல். தெரிந்தேதான் துடைத்தேன். வெறுமை தெரியாமலிருக்கப் போனில் இருந்த சுருதிப்பெட்டியின் ஒலியை அடியில் சேர்த்துவிட்டேன்.

கண்காட்சிக்கு வைத்திருந்த அந்தக் கச்சேரியின் புகைப்படத்தில், பாடகரின் தோளுக்குப் பின்னால் தம்பூராவின் கழுத்தும் ஒரு பெண்ணின் விரல்களும் மட்டும் தெரியும். முகம் இல்லை. இவரை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சேஷகிரி கேட்டுவிட்டு, "சுருதி சுத்தமா இருக்கு," என்று பாராட்டினார். உண்மை வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை. ஸ்பீக்கர்களைச் சோதிக்கப் போனேன். மாலை 6.40. வெளியே மழை, ஆட்டோ ஹாரன். நடுச்சாமம் எல்லாம் இல்லை. வாட்ச்மேன் உத்தமன் கதவைத் திறந்துவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார். உள்ளே நான் மட்டும்.

கச்சேரியை ஓடவிட்டேன். பல்லவி. பாடகரின் குரல் மண்டபத்தை நிறைத்தது. கூடவே...

டங்... டிங்... டிங்... டொம்...

தம்பூரா. மூன்றாவது தந்தி ஒரு நூல் இறங்கியிருந்தது. டேப்பிலும் அப்படித்தான் இருந்தது. நான் துடைத்த அதே தந்தி.

தப்பான ஃபைலோ என்று பார்த்தேன். சரியானதுதான். சுருதிப்பெட்டியை நிறுத்தினேன். குரலையும் நிறுத்தினேன்.

டங்... டிங்... டிங்... டொம்...

ஆம்ப்ளிஃபயரின் வயரைப் பிடுங்கினேன். அதன் விளக்கு அணைந்தது. சத்தம் அணையவில்லை. மேடையிலிருந்து வந்தது.

மேடை இருட்டு. டார்ச் அடித்தபடி ஏறினேன். ஜமுக்காளம் மட்டும். ஆள் இல்லை.

பாடகர் உட்காரும் இடத்தில் நின்றேன். சத்தம் என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன்.

அப்போதும் பின்னால்...

பயத்தை விட வெட்கம்தான் முதலில் வந்தது. திருடும்போது கையைப் பிடித்தது மாதிரி.

"தப்புதாம்மா... திரும்ப வெச்சிடறேன்."

சத்தம் நிற்கவில்லை.

டங்...

ஓடினேன்.

கேட்டில் உத்தமன் கேட்டார். "நீங்க வந்துட்டீங்க. உள்ள யார் மேடம் மீட்டறது?"

அன்று இரவு நான் தூங்கவில்லை. மூல டேப்பிலிருந்து தம்பூராவை மீண்டும் சேர்த்தேன். கூடவே கரண்ட் இரைச்சலும் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு காலை கண்காட்சியில் அது ஒலித்தது. இரைச்சல் ஏன் என்று கேட்கத்தான் சேஷகிரி வேகமாக வந்தார். பாதியில் நின்றார். பல்லவி முடிந்து மங்களம் வரை அசையாமல் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேடையில் கேட்டது உட்பட. அவர் திட்டவில்லை.

"அன்னைக்கு நான் இங்க வாலண்டியர்," என்றார். "கச்சேரி முடிஞ்சு எல்லாரும் எழுந்தாங்க. தம்பூரா போட்ட அம்மா எழுந்துக்கல. தம்பூரா மேல சாஞ்சபடி இருந்தாங்க. முன் வரிசையில ஒரு டாக்டர் இருந்தார். தொட்டுப் பார்த்து, உசிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னார்."

எனக்குப் புரியவில்லை. "கடைசி வரைக்கும் தம்பூரா கேக்குதே சார்?"

"கேக்குதில்ல? பாடினவரும் அதையேதான் சொன்னார். யாரும் நம்பல. நானும் நம்பல. டேப் இருந்தும் போட்டுக் கேக்கணும்னு தோணல."

படத்துக்குக் கீழே எழுதலாம் என்று அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன்.

சேஷகிரி படத்திலிருந்த விரல்களைப் பார்த்தார். "தம்பூரா அம்மான்னுதான் கூப்பிடுவோம். பேர் யாரும் கேட்டதில்லம்மா," என்றார்.

உயிர் போன பிறகும் பாட்டை அந்தரத்தில் விடாமல் மீட்டியிருக்கிறார். அதைத்தான் நான் இரைச்சல் என்று துடைத்தேன். படத்துக்குக் கீழே இன்னும் பாடகரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.