ஹர்த்தால் நாளில் ஓர் ஆணுறை

சமாதானப் பேச்சு குழம்பி மறுபடி சண்டை தொடங்கியிருந்த ஒரு மாரிகாலம். செங்கலடிக்குக் கிட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது மணிக்கு எங்கள் முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை என்றார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வயதான தாதி ஒருவர் ஓடி வந்தார். அவருடைய கையெல்லாம் இரத்தம்.

"மனே, ரெத்தம் நிக்குதில்ல. கெதியாப் போய் ஒரு ஆணுறை வாங்கிட்டு வாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பொஞ்சாதி சாகக் கிடக்கிறா, உங்களுக்கு நக்கலா?" என்று கத்தினேன்.

"கர்ப்பப்பைக்குள்ள வெச்சுத் தண்ணி நிரப்பி ரெத்தத்த அடக்கத்தான் டொக்டர் கேக்கிறார். இல்லாட்டி டவுனுக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பைய வெட்டி எடுக்கணும். அங்க போய்ச் சேருமட்டும் தாங்கமாட்டா."

ஆஸ்பத்திரி அலுமாரியில் அது இருந்ததாம். சாவிக்காரர் ஹர்த்தால் என்று வரவில்லை.

எனக்குப் பாதிதான் விளங்கியது. மழைக்குள் சைக்கிளை மிதித்தேன். சந்தியில் ஒரு பார்மசிகூடத் திறக்கவில்லை. நின்றவர்கள் காவலரணில் இருந்த ஆமிக்காரர் மட்டும்தான்.

அவர்களைக் கண்டால் தலையைக் குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவன் நான். அன்று நேரே போய் நின்றேன். ஒருவன் துவக்கை நீட்டினான். ஐயோ, அப்போதுதான் பார்த்தேன், மழைத்தண்ணீர் போகாமல் துவக்கின் வாய்க்கு ஆணுறைதான் போட்டிருந்தார்கள்! மனைவிக்கு "நோனா", இரத்தத்துக்கு "லே". எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அந்த உறையைக் காட்டிக் காட்டி, "நோனா, லே, நோனா, லே" என்று அழுதேன்.

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துவக்கை நீட்டியவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. சட்டைப் பையிலிருந்து பிரிக்காத பைக்கற் இரண்டை எடுத்து என் கையில் வைத்து, போ என்று தலையை ஆட்டினான்.

உறையை ஒரு ரப்பர் குழாயில் கட்டி உள்ளே வைத்து, சேலைன் நிரப்பினார்களாம். கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் நின்றது. கர்ப்பப்பையும் தப்பியது. நான்கு வருடம் கழித்து மகன் பிறந்தான்.

அந்த ஆமிப் பையனுக்கு நான் நன்றி சொல்லப் போகவேயில்லை. பயம், வெட்கம், ஆமியோடு என்ன பேச்சு என்று ஊர் கேட்கும் என்ற யோசனை. இன்றைக்கும் அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆணுறைக்காக அழுத ஒரு பைத்தியத்தைப் பற்றிச் சொல்லி அவன் எங்கேயோ சிரித்துக்கொண்டிருக்கலாம். சிரிக்கட்டும், ஆனால் தான் கொடுத்தது எதற்கென்று அவனுக்குத் தெரியாமலே போனதுதான், என் இரண்டு பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிடும்போதெல்லாம் என் நெஞ்சை அறுக்கிறது.