வளைகாப்புக்கு முன் ஒரு டைல்ஸ் மிஷின்

டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முழு டைல்ஸ்தான் முதலில் தரையில் இறங்கும். சுவரோரம், வாசற்படி, தண்ணீர் போகும் ஜாலி, கழிப்பறைக் கோப்பையைச் சுற்றிய இடம் ஆகியவற்றுக்கு அளவெடுத்து அறுத்து வைக்கும் துண்டுகள் கடைசியில் வரும். அவற்றைக் 'கட் பீஸ்' என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் முழு டைல்ஸ் வேலை முடிந்த அன்று, ஒட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு பீகாரிலிருந்து போன் வந்தது. தங்கைக்குக் கல்யாணம் கூடிவிட்டது. எங்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். கட்டரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ரயிலேறிவிட்டார்.

நடுவில் புதுத் தரை, ஓரமெல்லாம் வெறும் சிமென்ட். கரை வைக்காத புடவை மாதிரி இருக்கிறது என்றாள் என் மனைவி. அவள் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள்.

வேறு சமயமாக இருந்தால் மேஸ்திரி திரும்பும்வரை காத்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டில், மாப்பிள்ளை வீட்டில், எங்கள் பெண்ணுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். குளியலறையைப் புதுப்பிக்கத் தொடங்கியதே அவளுக்காகத்தான். போனமுறை வந்தபோது பழைய மொசைக் தரையில் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பினாள். குழாய் வளைந்தது, அவள் விழவில்லை. அதனால்தான் சொரசொரப்பான டைல்ஸ். இப்போது வழுக்கலுக்குப் பதில் சுற்றிலும் ஒரு பள்ளம். கால் தடுக்கினால் பிடிக்க நேரான குழாய்கூட இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் இடிப்பது, துளைப்பது, அறுப்பது கூடாது. இதை நான் நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி நம்புகிறாள், சம்பந்தியம்மா நம்புகிறார், தெருவே நம்புகிறது. பெண் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால், குழந்தை பிறந்து பேர் வைக்கும்வரை அந்தப் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஊரில் இருந்த மற்ற மேஸ்திரிகளோ, இன்னொருத்தர் பாதியில் விட்ட வேலையைத் தொடமாட்டோம் என்றார்கள்.

"நாமே அறுத்து ஒட்டிக்கலாம்" என்றாள் மனைவி.

முதலில் உதவிக்கு வந்தவன் அவள் தம்பி. தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை. ஆணி முதல் அடுப்புவரை எல்லாவற்றையும் இரும்பாகப் பார்ப்பவன். தன் வீட்டிலிருந்த, இரும்பு அறுக்கும் கைக் கிரைண்டரை எடுத்துவந்து, கொல்லைப்புறத்தில் ஒரு டைல்ஸை வைத்து, இரும்புக் கம்பியை அறுப்பதுபோல் அமுக்கினான். கொடியில் காய்ந்த துணியெல்லாம் வெள்ளையானது. டைல்ஸ் அவன் கோடு போட்ட இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் பிளந்தது.

"டைல்ஸு லூசு மெட்டீரியல்க்கா" என்றான்.

"நீ அமுக்குன அமுக்குக்கு அம்மிக்கல்லே பொளந்திருக்கும்டா."

வீணானதில் எங்களுக்கு வருத்தமிருந்தது. அந்த டைல்ஸ் திருவள்ளூர்க் கடையில் தீரப்போகும் சரக்காக வாங்கியது. அதே நிறம் இனி வராது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். மிச்சமிருந்தவை வேலைக்குச் சரியாக இருக்கும், ஒன்றிரண்டு கூடுதல். எனவே, தூசும் பறக்காமல், பிளக்கவும் செய்யாமல், தண்ணீர் விட்டு அறுக்கிற மிஷின் வேண்டும் என்பது அன்று முடிவானது.

தண்ணீர் விட்டு அறுப்பதில் இரண்டு வழி. ஒன்று, கையில் பிடிக்கும் சின்ன மார்பிள் கட்டர். ஒருவர் அறுக்க, இன்னொருவர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேஸ்திரிகள் அப்படித்தான் செய்கிறார்கள். மைத்துனன் அதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "கரண்டு ஓடற மிஷின கைல வெச்சிக்கினு, அது மேல தண்ணி ஊத்துவீங்களா? எங்க பிளான்ட்ல இத சொன்னாலே வெளிய அனுப்பிடுவாங்க மாமா." மற்றது, மேசைபோல இருக்கும் மிஷின். நடுவில் பிளேடு நிற்கும். அதன் கீழ்ப்பாதி தண்ணீர்த் தட்டில் முங்கியிருக்கும். நாம் டைல்ஸைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டையும் நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று நானும் மனைவியும் திருவள்ளூர் போனோம்.

அவள் தோளில் ஒரு துணிப்பை. உள்ளே மைத்துனன் உடைத்த டைல்ஸ் துண்டுகள், மெல்லிய பழைய வாயில் புடவைத் துணி ஒரு முழம். தேங்காயைத் தட்டிப் பார்த்து, முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து வாங்குகிறவள். மிஷினை மட்டும் அட்டைப்பெட்டியோடு வாங்குவாளா?

முதல் இரண்டு கடைகளில் பெட்டியைப் பிரிக்கவே மறுத்தார்கள். மூன்றாவது கடையில் கல்லாவில் ஒரு அம்மாள். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு பாத்ரூமுக்கா மிஷினு? வாடகைக்கு எடுத்துக்கினு போங்களேன்."

"வாடக மிஷினு எங்க?" என்றாள் மனைவி.

அவர் காட்டியது கிரானைட் அறுப்பது. ஒரு மாட்டுவண்டியில் பாதி இருந்தது. எங்கள் கொல்லைக் கதவுக்குள் அது நுழைய வேண்டுமானால் கதவை முதலில் அறுக்க வேண்டும்.

"இத வாணாங்க. அந்தச் சின்னது இன்னா?"

சின்னதை மேசைமேல் வைத்தார்கள். மனைவியின் தையல் மிஷினைவிடக் கொஞ்சம் பெரிது. தட்டில் ஊற்றக் கடையில் தண்ணீர் இல்லை. அந்த அம்மாள் குடிக்க வைத்திருந்த கேனைச் சாய்த்து ஊற்றினார். "இதுக்கே பாதி பில்லு போடணும்" என்றார். மனைவி ஒரு துண்டை நகர்த்தினாள். சத்தம் காதை அடைத்தது, தூசு எழவில்லை. கலங்கிய நீர் மட்டும் தட்டில் பாலாக ஓடியது.

அறுத்த ஓரத்தை நான் பார்த்தேன். நேராக இருந்தது. எனக்குப் போதும் என்று பட்டது. அவள் பையிலிருந்து வாயில் துணியை எடுத்து, அந்த ஓரத்தில் மெதுவாக இழுத்தாள். இரண்டு இடத்தில் நூல் மாட்டி இழுபட்டது.

"இன்னாக்கா, டைல்ஸுக்கு ஜாக்கெட்டு போடப் போறீங்களா?" என்றார் கடை அம்மாள்.

"எம் பொண்ணு வெறுங்கால்ல நிக்கப் போறா. துணிய இழுக்கறது தோல இழுக்காதா?"

அந்த அம்மாள் சற்று யோசித்து, பிளேடை மாற்றச் சொன்னார். முதலில் இருந்தது ஓரத்தில் பற்கள்போல் இடைவெளி விட்ட பிளேடு. அது கருங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் ஏற்றது, சீக்கிரம் அறுக்கும், ஓரத்தைக் கொத்தும். மாற்றியது இடைவெளியே இல்லாத வழவழப்பான வட்டம். மெதுவாகத்தான் அறுத்தது. வாயில் துணி முழுக்க வழுக்கிக்கொண்டு போனது. பிறகு கடை அம்மாளே அந்தத் துணியை வாங்கித் தன் பங்குக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "இத இங்கயே உட்டுட்டுப் போங்க. வர்றவங்களுக்குக் காட்டுறேன்" என்றார். மனைவி பாதி கிழித்துக் கொடுத்தாள்.

மிஷின் வெள்ளிக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் இயங்கத் தயாரானது. அன்றைக்கு ஒட்டினால்தான் சனிக்கிழமை இடைவெளிகளை அடைக்க முடியும், ஞாயிறு பள்ளிப்பட்டு. மைத்துனனுக்கு மதிய ஷிப்ட். ஞாயிறு தாய்மாமனாக வளையல் தட்டோடு வர வேண்டியவன், அதற்கு லீவு சொல்லியிருந்ததால் இடையில் லீவு கிடையாது. காலையில் வந்தவன் நேராக வேலையைத் தொடங்கவில்லை. எங்கள் இருவரையும் எதிரில் நிற்க வைத்தான். தொழிற்சாலையில் ஷிப்ட் தொடங்கும்முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமாம்.

"இன்னிக்கு இன்னா வேல?"

"உன் அக்கா ஊட்டு பாத்ரூமு."

"இன்னா ஆபத்து?"

"நீதான்டா."

"அக்கா, வெளையாடாத. சுத்தற மிஷின்கிட்ட வளையல் கூடாது. கழட்டு."

அங்கே கூட்டம் நின்றது. நாளை மறுநாள் மகளுக்கு வளையல் போடப்போகிறவள் இன்று தன் கையை வெறுங்கையாக்க மாட்டாள் என்று மனைவி சொன்னாள். சட்டம் சட்டம்தான் என்று அவன் சொன்னான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது சமாதானம் ஆகியிருந்தது. வளையல்களை முழங்கை அருகே ஏற்றி, மேலே துணிப்பட்டை கட்டியிருந்தாள்.

நேரான துண்டுகளெல்லாம் காலையிலேயே முடிந்தன. அவன் அமுக்கும்போதெல்லாம் அவள் அவன் கையைத் தட்டினாள். "தள்ளாத. அதுவா அறுத்துக்கினு போவும்." மிச்சமிருந்தது கோப்பையைச் சுற்றிய வளைவும் ஜாலியைச் சுற்றிய துண்டுகளும். சாப்பிட்டுவிட்டு அவன் ஷிப்டுக்குக் கிளம்பினான். போகும்முன் மிஷினைத் துடைத்தான், தட்டுத் தண்ணீரைக் கொட்டினான். சாப்பிட்டதும் நான் சுவரோரத் துண்டுகளை ஒட்ட உட்கார்ந்தேன். அவள் காகிதத்தில் வளைவை வெட்டியெடுத்துக்கொண்டு மிஷினிடம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"வந்து பாருங்க உங்க மச்சான் பண்ண வேலைய."

மிஷினின் பிளக் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டிருந்தது. பெட்டியில் ஒரு பூட்டு. பூட்டில் ஓர் அட்டை: 'இயக்காதே. ஆள் வேலை செய்கிறார்.' கீழே அவன் பெயரும் தேதியும். தொழிற்சாலையில் எந்த மிஷினைத் துடைத்தாலும் மின்சாரத்தைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வார்கள். பல வருடப் பழக்கம், பெட்டியும் பூட்டும் எப்போதும் அவன் பையில் இருக்கும். கை தானாகச் செய்திருக்கிறது. சாவியும் அவனோடு ஷிப்டுக்குப் போய்விட்டது. உள்ளே போனால் செல்போன் கேட்டில் வாங்கி வைக்கப்படும்.

சுத்தியல் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "புது மிஷினுங்க" என்றாள். ஸ்கூட்டரை எடுத்தேன்.

தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் எளாவூர்ப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆலை கேட்டில் காவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போன் செய்து, "இங்க ஒருத்தரு பாத்ரூம் சாவி கேட்டு வந்துகீறாரு" என்றார். டீ இடைவேளையில் ஹெல்மெட்டோடு மைத்துனன் வந்தான். கேட்டதும் தலையில் கை வைக்கப் போய் ஹெல்மெட்டில் தட்டினான். சாவியை எடுத்தான். நீட்டவில்லை.

"மாமா, பூட்டுனவன்தான் தொறக்கணும். சாவி கை மாறக் கூடாது."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பகுதிச் செய்திகளை நாளிதழுக்கு எழுதி வந்தவன் நான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டதன் விளைவை, தலைப்பும் துணைத் தலைப்புமாக எழுதியிருக்கிறேன். அவன் முகத்தில் அக்காவின் குளியலறையும் ஆலையின் சட்டமும் மாறி மாறி வந்தன.

"பூட்டுனவன் வர முடியலன்னா இன்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு முறை இருக்குது" என்றான், முகம் தெளிந்து. காவலரின் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தான். ஒலிபெருக்கியைப் போட்டான்.

"அக்கா, மிஷின்ல கை வெச்சிருக்கியா?"

"இல்லடா. மாவு கரைச்சிக்கினு கீறேன்."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"பூனை இருக்குது."

"பூனைய தொரத்து."

போனில் 'சூ, சூ' என்று கேட்டது. பிறகு, "போயிடுச்சு" என்றது குரல். அவன் என்னைப் பார்த்து, "கேட்டீங்களா மாமா? நீங்க சாட்சி" என்றான். காவலரும் தலையாட்டினார். சாவி என் கைக்கு வந்தது. அட்டையில் அவன் பெயரை அடித்து என் பெயரை எழுத வேண்டும், அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. செய்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் செய்தேன்.

வளைவை அவள்தான் அறுத்தாள். காகித அளவை டைல்ஸ்மேல் வைத்து வரைந்தாள். மிஷின் வளைந்து அறுக்காது. எனவே வளைவுக்குள் நேர்கோடுகளாகப் பல வெட்டு வெட்டி, இடையில் நின்ற பற்களை உடைத்து, மிச்சத்தைப் பிளேடின் ஓரத்தில் தேய்த்தாள். வைத்துப் பார்த்தால் துண்டு சுற்றிலும் ஒரு விரல் பெரிது. தையலுக்கு விடும் துணியை டைல்ஸிலும் விட்டிருக்கிறாள். இங்கே இடைவெளிக்குக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. நான் வாய் திறக்கும்முன், "பெருசா இருந்தா புடிக்கலாம். சிறுசா இருந்தா இன்னா செய்வீங்க?" என்றாள். மறுபடி தேய்த்தாள். மூன்றாம் முறை துண்டு கோப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கடைசித் துண்டை ஒட்டிவிட்டேன். ஒரே ஒரு முழு டைல்ஸ் மிஞ்சியது.

ஞாயிறு மாலை பெண் வந்தாள். இரண்டு கை நிறைய வளையல். ஆரத்தி முடிந்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போனாள். உள்ளே வளையல் சத்தம் அங்குமிங்கும் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெளியே வந்தவள், "அந்த வளஞ்ச குழாய மாத்தலியா?" என்றாள்.

குழாயை மாற்ற யாரும் நினைக்கவில்லை. மாற்ற வேண்டுமானால் சுவரைத் துளைக்க வேண்டும். மனைவி என்னைப் பார்த்தாள். இனி பேர் வைக்கும்வரை குழாய் வளைந்தேதான் இருக்கும்.

"மிஷினையும் யாரும் தொடக் கூடாதில்ல?" என்ற மைத்துனன் கொல்லைப்புறம் போனான். பிளக்கை மறுபடி சிவப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். அட்டையில், எப்போது திறக்கப்படும் என்று ஒரு கட்டம் உண்டு. ஆலையில் அங்கே மணி எழுதுவார்கள். அவன் எழுதினான்: 'பேர் வெச்ச அப்புறம்.'

தெருவில் இருவர் மிஷினை இரவல் கேட்டு வந்தார்கள். அட்டையைக் காட்டினோம். படித்துவிட்டு, பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சாவி இம்முறை மைத்துனனிடம் இல்லை. பெண்ணின் வளையல் பெட்டிக்குள் இருக்கிறது.