நானாவின் ஹோட்டல் பொயின்ட்ஸ்

என் நானா, அதாவது கூடப்பிறந்த அண்ணன், ஒரு உரக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் நுரைச்சோலையில் வீடு, மீதி நாள் கண்டியில் ஒரே ஹோட்டல். தங்கத் தங்க அந்த ஹோட்டல்காரர்கள் பொயின்ட்ஸ் போடுவார்கள். போதுமான அளவு சேர்ந்தால் ஓர் இரவு இலவசமாகத் தங்கலாம். "நீங்க அங்க ஏசியில படுங்க, நான் இங்க நுளம்புக் கடியோட கிடக்கிறேன்" என்று அவர் மனைவி, எங்கள் மச்சி, சண்டைக்குப் போவார். "பொறு புள்ள, பொயின்ட்ஸ் சேரட்டும், ஒன்னயும் கூட்டிட்டுப் போறேன்" என்பார் நானா. அங்கிருந்து தினமும் படுக்கப் போகும் முன் போன் எடுத்து அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "கதவப் பூட்டிட்டியா புள்ள?" மச்சி "ஓம்" என்றதும் வைத்துவிடுவார். இதற்கெல்லாம் ஒரு போனா என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

பொயின்ட்ஸ் சேர்ந்தது. ஆனால் நெஞ்சு வலிக்கிறது என்ற நானா, புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மௌத்தாகிவிட்டார்.

மச்சி இத்தா இருந்தார். கணவர் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், பிற ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. அழுகை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாள், மகள் கையில் நானாவின் போனைக் கொடுத்து வாசலில் இருந்த என்னிடம் அனுப்பினார். ஹோட்டலிலிருந்து செய்தி வந்திருந்தது. பொயின்ட்ஸ் அடுத்த மாதத்தோடு காலாவதி. இத்தா முடிய அதற்குப் பிறகும் நாள் கிடந்தது.

"அந்த மனிசன் எனக்கெண்டு சேத்தது தம்பி," என்றார் மச்சி, அறைக்குள்ளிருந்து. "எப்படியாவது நிப்பாட்டி வைங்க. அவர் படுத்த எடத்த நான் ஒருக்காப் பாக்கணும்." அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

தவணையை நீடிக்க வேண்டுமென்றால் உரியவரே போனில் கேட்க வேண்டுமாம். இறந்தவர் என்று தெரிந்தால் கணக்கை உடனே மூடிவிடுவார்கள் என்று என் மனைவியின் தம்பி பயமுறுத்தினான். "மௌத்தெண்டு வாயே தொறக்காதீங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தானே? நானா மாதிரிக் கதைங்க." குரல் விஷயம் உண்மைதான். பெற்ற உம்மாவே போனில் எங்களை மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார். நானும் பொய்யே சொல்லாத அவுலியா இல்லை. முற்றத்தில் நின்று, தொண்டையைச் செருமி, நானாவைப் போலக் கொஞ்சம் இழுத்து ஒத்திகை பார்த்தேன். "ஹலோ... ஓம்... நான்தான் கதைக்கிறேன்."

உள்ளே எதுவோ விழுந்து உடைந்தது. ஜன்னல் சீலைக்குப் பின்னால் மச்சியின் குரல் நடுங்கியது.

"அப்படிக் கதைக்காதீங்க தம்பி. அல்லாஹ்வுக்காகக் கதைக்காதீங்க. அவர் இல்லையெண்டே சொல்லுங்க. பொயின்ட்ஸ் போனாப் போகட்டும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யோசனை சொன்னவனை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு, என் சொந்தக் குரலிலேயே போன் எடுத்தேன்.

மறுமுனையில் ஒரு சிங்களப் பிள்ளை. எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். அதில் வெண்டிக்காய் விலை பேசலாம், சாவைப் பேச வராது. நானா இறந்துவிட்டார் என்றேன். மனைவி இப்போது வீட்டை விட்டு வர முடியாது என்றேன். அவருக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். இல்லை மிஸ், சுகமாகத்தான் இருக்கிறார், துக்கத்தில் இருக்கிறார், எங்கள் மார்க்கத்தில் அப்படி என்றேன். கொஞ்சம் இருங்கள் என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பாட்டு முடிவதாக இல்லை. சரி, கணக்கை மூடத்தான் போயிருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன்.

திரும்பி வந்தவள், மரணச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் அனுப்பச் சொன்னாள். பொயின்ட்ஸ் மனைவியின் பெயருக்கு மாறுமாம். மாறினால் தவணையும் புதிதாகத் தொடங்குமாம். இதற்கா இத்தனை நாடகம் போடப் பார்த்தோம்! ஜன்னலடிக்குப் போய்ச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சி. தோளிலிருந்து ஒரு மூட்டை உப்பை இறக்கி வைத்தது போலிருந்தது எனக்கு. அன்று பகல் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இத்தா முடிந்து மச்சி மகளோடு கண்டிக்குப் புறப்பட்டார். ஆலங்குடாவிலும் அந்த ஹோட்டல்காரர்களுக்கு ஒரு ஹோட்டல் இருக்கிறதே, கடற்கரை, பக்கம், அலைச்சலும் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அங்கயிருந்தா அவர் போன் எடுத்தாரு?" என்று மச்சி என் வாயை அடைத்துவிட்டார்.

அன்று இரவு இஷா தொழுதுவிட்டு வரும்போது போன் அடித்தது. அறை பெரிது, ஏசி குளிர்கிறது, மருந்துக்கும் நுளம்பு இல்லை, மகள் தூங்கிவிட்டாள் என்றெல்லாம் மச்சி சொன்னார். குரலில் சந்தோசம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அண்டைக்கு முற்றத்தில நிண்டு கதைச்சீங்களே. அது மாதிரி ஒருக்காக் கதைங்க."

தொண்டையைச் செருமினேன். கொஞ்சம் இழுத்து, "கதவப் பூட்டிட்டியா புள்ள?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார் மச்சி. "பூட்டிட்டேன்."

போனை வைத்துவிட்டார்.