அண்ணன் பிறந்தநாளின் பான்சித்

முதல் பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த நினைவு மலரை மூடி வைத்துவிடாதீர்கள். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. "நாலு வரி எழுதிக் குடுங்க தம்பி" என்று அண்ணி கேட்டார். நாலு வரியில் முடிகிற விஷயமில்லை இது.

அண்ணனைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்தது ஒன்றுதான். துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் ஒரு பிலிப்பினோவின் மண்டையை உடைத்தார், ஜெயிலுக்குப் போனார், விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். கருமாதிப் பந்தலில் உட்கார்ந்துகொண்டுகூட அதைத்தான் பேசினீர்கள். அப்போது உங்களுக்கு வடை வைத்துக்கொண்டு வந்தவள் அண்ணன் மகள். வயது பதினைந்து. கை கழுவும் இடத்தில் என்னை மறித்து நின்றாள்.

"சித்தப்பா, நீங்க அங்க கூடத்தானே இருந்தீங்க? அந்த ஆளை அப்பா எதுக்கு அடிச்சாரு?"

நான் குழாயை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். ஓராண்டாக அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான். அவளுக்குச் சொல்வதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் அறந்தாங்கிக்குத் தெற்கே எங்கள் ஊரில்தான் பிறந்தார். அப்பா கொத்தனார் வேலைக்குப் போவார், அம்மா களை எடுப்பார். அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். அவரைப் புகழ்ந்து பொய் எழுத எனக்கு விருப்பமில்லை. அண்ணன் சட்டென்று கை நீட்டிவிடுகிறவர்தான். வாலிபால் ஆட்டத்தில் கோடு தாண்டி விழுந்த பந்துக்காக ஒருவரின் முன்பல்லை உதிர்த்திருக்கிறார். நான் பீடி பிடித்ததைப் பார்த்த அன்று என்னைத் தென்னை மரத்தில் கட்டி வைத்து வெளுத்தார். பெல்ட் அறுந்த பிறகுதான் விட்டார். அதனால்தான் ராஸ் அல் கைமா செய்தி வந்தபோது ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை.

இருபத்து நான்கு வயதில் அண்ணன் அங்கே போனார். தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்யும் தொழிற்சாலை. சூளைப் பக்கம் டூட்டி. மூக்கிலும் காதிலும் வெள்ளைத் தூசியோடு கேம்ப்புக்கு வந்தால், மெஸ்ஸில் தண்ணீர்ப் பருப்பும் குப்பூஸ் ரொட்டியும் காத்திருக்கும். முதல் வாரமே பருப்புத் தட்டை மெஸ்காரர் மார்பில் வீசி எறிந்தார் அண்ணன். அதன் பிறகு ரூம் ஆட்களுடன் சேர்ந்து கேம்ப் கிச்சனில் சொந்தமாகச் சமைக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் குயா. பக்கத்து பிளாக்கில் இருந்த பிலிப்பினோ வெல்டர். அவர்கள் பாஷையில் மூத்தவரைக் குயா என்று கூப்பிடுவார்கள், கேம்ப்பே அப்படித்தான் கூப்பிட்டது. இருவரும் அறிமுகமானதே சண்டையில்தான். ஒரே அடுப்புக்கு இருவரும் வந்தார்கள். குயாவின் சட்டியை அண்ணன் தூக்கிக் கீழே வைத்தார். பூண்டு நறுக்கிய கத்தியோடு குயா திரும்பினார். அண்ணன் சட்டைக் கையை மடித்தார். கிச்சன் காலியாகிவிட்டதாம். அப்புறம் குயா கீழே இருந்த சட்டியைத் திறந்து, "ஃபர்ஸ்ட் ஈட், பாய். தென் ஃபைட்" என்று ஒரு தட்டில் சோறு போட்டு, கோழியை எடுத்து வைத்திருக்கிறார். வினிகரும் சோயாவும் பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டுச் சுண்ட வைத்த கோழி. அதோபோ என்பார்கள். அண்ணன் மூன்று தடவை சோறு வாங்கினார், அடிதடியை மறந்துவிட்டார்.

அதிலிருந்து அண்ணனுக்கு அந்தச் சாப்பாட்டின் மேல் பைத்தியம். மழை பெய்தால், காய்ச்சல் வந்தால், சூப்பர்வைசர் திட்டினால் குயாவின் அடுப்புக்குத்தான் போவார். புளி கரைத்து மீனும் முள்ளங்கியும் போட்ட சினிகாங் குடித்துவிட்டு, "மீன் விழுந்த ரசம்டா இது, ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்பார். இஞ்சி தட்டிப்போட்ட கோழிக் கஞ்சி, பூண்டு வதக்கிய பழைய சோற்றோடு பொரித்த கருவாடு என்று நாக்கு எதைக் கேட்டாலும் குயா செய்து தருவார்.

எனக்கு விசா வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். அண்ணன் போய் எட்டு வருடம் கழித்து நான் போனேன். ரூமில் எட்டுப் பேர், சமையல் முறை வைத்து ஓடும். என் முறை வரும் நாளில் பார்த்துப் பார்த்துக் குழம்பு வைப்பேன். அண்ணன் பேருக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து பிளாக்குக்கு நடந்துவிடுவார். எனக்கு வயிறு எரியும். கூடப் பிறந்தவன் சோறு இறங்கவில்லை, எவனோ ஒருவன் சோறு இனிக்கிறதா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். இதை அண்ணனிடம் நான் சொன்னதே இல்லை.

இரண்டாம் வருடம் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டேன். லீவில் ஊருக்கு வந்து மலைக்குப் போவதாகத் திட்டம். விரதச் சமையலுக்கென்று புதுப் பானை வாங்கி, விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கிச்சன் அலமாரியில் தனியாக வைத்திருந்தேன். தமிழர், மலையாளி, தெலுங்கர் எவரும் அதைத் தொடமாட்டார்கள். பொட்டு வைத்த பானை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கார்த்திகையில் அண்ணனின் பிறந்தநாள், ஒரு விடுமுறை நாளில் வந்தது. அண்ணனுக்கு மட்டும் பகல் இரண்டு மணிவரை ஓவர்டைம். நான் குளித்துவிட்டு விரதச் சமையலுக்காகக் கிச்சனுக்குள் போனேன். என் பானை ஓரத்துத் தாழ்ந்த அடுப்பில் இருந்தது. உள்ளே கோழியும் இறாலும் முட்டைக்கோஸும் போட்டு, சேமியா மாதிரி மெல்லிசான அரிசி நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார் குயா. சந்தனப் பொட்டு நெருப்பில் கறுத்துப்போயிருந்தது.

குயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "பியூட்டிஃபுல் பாட், சாமி! பர்த்டே பாட்!" என்றார்.

பட்டையும் பொட்டுமாக அலங்கரித்த பானை, அண்ணன் பிறந்தநாளுக்கு நான் எடுத்து வைத்தது என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். இது எனக்கு அப்புறம் புரிந்தது. அந்த நிமிடம் எதுவும் புரியவில்லை. பானையை எட்டி உதைத்தேன். கொதிக்கக் கொதிக்க அவர் முழங்காலில் கொட்டியது. அவர் குனிந்தார். மேடையில் அவர் பூண்டு நசுக்கும் கல் குழவி இருந்தது. அதை எடுத்து அவர் தலையில் அடித்தேன். ஒரு அடி இல்லை. இரண்டு. இரண்டாவது இடது காதுக்கு மேலே விழுந்தது. அவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். ரத்தம் நூடுல்ஸில் ஓடியது.

ஆமாம். அடித்தது நான்தான். கழுத்தில் மாலையோடு, எதிரில் வருகிறவர்களையெல்லாம் சாமி என்று கூப்பிட்ட வாயோடு நான்தான் அடித்தேன்.

யாரோ கத்தினார்கள், செக்யூரிட்டி போலீசுக்கு போன் செய்தார். அந்த நேரத்தில் அண்ணன் டூட்டி முடிந்து தூசியோடு உள்ளே வந்தார். குயாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என் கையிலிருந்த குழவியைப் பார்த்தார். விட்டார் ஒரு அறை. என் கடைவாய்ப் பல் ஆடியது. குழவியைப் பிடுங்கிக்கொண்டு, என் சட்டையைப் பிடித்து எதிரே இருந்த குளியலறைக்குள் தள்ளினார்.

"மாலை போட்ட கையாடா இது? கழுவுடா. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

வெளியே தாழ் போட்டார். கதவில் பலகை இடுக்கு இருந்தது. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து, குயாவின் தலையை மடியில் வைத்து, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். காதருகே குனிந்து என்னவோ கெஞ்சினார். குயா கண்ணைத் திறந்து, கவிழ்ந்த பானையைக் காட்டினார்.

"ஈட், பாய். லாங் லைஃப். நோ கட்."

பிறந்தநாளன்று இந்த நூடுல்ஸை, பான்சித் என்பார்கள், சமைத்துப் போட்டால் சாப்பிடுகிறவருக்கு ஆயுள் நீளும் என்பது அவர்கள் வழக்கம். நறுக்கக் கூடாது, நீளமாகவே சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் அண்ணனுக்குச் செய்து போட்டிருக்கிறார். பானையின் அடியில் ஒட்டியிருந்ததை அண்ணன் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே அழுதார். போலீஸ் வந்தது. "யார் அடித்தது?" என்று கேட்டார்கள்.

"நான்தான் சார்" என்றார் அண்ணன்.

நான் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

கிச்சனில் இருந்த மற்றவர்களும் அண்ணன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். குயாவுக்குப் பதினோரு தையல். இடது காது இன்றும் சரியாகக் கேட்காது. "பின்னாலிருந்து அடித்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு ஊருக்கு வந்தார். பிறகு நான் கேட்டபோது, "உங்க அண்ணன் ஆஸ்க்கிங். ஐ கிவ். கலாஸ்" என்றார் குயா. அரபியில் முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அவர் கொடுத்த தண்டனை அவ்வளவுதான்.

ஊருக்கு வந்த அண்ணனை நீங்கள் எப்படி வரவேற்றீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். கோயில் திருவிழாவில், அத்தனை பேர் பார்க்க, பெரிய மாமா அண்ணனைச் செருப்பால் அடித்தார். "குடும்ப மானத்தக் கப்பலேத்திட்டியேடா" என்றார். பந்துக்காகப் பல்லை உதிர்த்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் செருப்படி என்னுடையது மாமா. நான் அன்று ராஸ் அல் கைமாவில் டூட்டியில் இருந்தேன்.

போனில் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். "அம்மா இருக்கிற வரைக்கும் மூச்சு விடாத. ரெண்டு மகன் பேரும் ஒண்ணா கெட்டா அது தாங்காது" என்பார். அம்மா போய் மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது என் கோழைத்தனம், அண்ணன் சொன்னதற்காக இல்லை.

அரிசி ஆலையில் வேலை பார்த்துத்தான் அண்ணன் மகளைப் படிக்க வைத்தார். வந்த பிறகு அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. சூளைத் தூசி நெஞ்சில் உட்கார்ந்திருந்தது, கடைசி ஆறு மாதம் படுக்கைதான். நான் லீவில் கிளம்பியபோது குயா பஸ் நிறுத்தத்துக்கு வந்து, நூடுல்ஸ் பாக்கெட்டுகளையும் சோயா பாட்டிலையும் என் பையில் திணித்து, செய்முறையை இரண்டு தடவை ஒப்பிக்க வைத்தார். வீட்டில் நானே சமைத்து, தட்டில் வைத்து அண்ணன் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் தட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"பரவால்லடா. இந்தத் தடவை ஒதைக்காம கொண்டாந்துட்ட" என்றார்.

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. மூன்று வாய்தான் இறங்கியது. பதினோராம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்து மூன்று.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசிவரை அண்ணனைத் தூக்கிக் கழுவித் துடைத்த அண்ணிக்கு, மூச்சு முட்டியபோதெல்லாம் ஓடி வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாவுக்கு, ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்த ஆலைத் தோழர்களுக்கு, என்னைக் காட்டிக்கொடுக்காத குயாவுக்கு.

திதியன்று உங்கள் இலையில் பான்சித் இருக்கும். குயா அனுப்பிய நூடுல்ஸ்தான். திதி என்பதால் கோழியும் இறாலும் இல்லை, காய்கறி மட்டும். எல்லோரும் நறுக்காமல் சாப்பிடுங்கள். அண்ணனுக்குப் போன ஆயுள் அவர் மகளுக்காவது வந்து சேரட்டும்.

பரிமாறப் போவது அவள்தான். அதற்குள் இதைப் படித்திருப்பாள். முதல் இலையில் நான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அண்ணன் என்னை ஒரு அறையோடு விட்டுவிட்டார். மிச்சத்தை அவள் கொடுத்தால், நீங்கள் யாரும் குறுக்கே வராதீர்கள்.

இதை எழுதியது, அன்று குழவியை எடுத்த அதே கை.

தம்பி